அங்கியும் ஆணையும் – 7: பத்துக்கு ஒன்பது

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம்.

1949 மார்ச் 25. சான்டா பார்பராவில் கூடிய, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை ஆளும் ரீஜண்டுகள், பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் ஜாக் டென்னி என்ற செனட்டர் கம்யூனிஸ்ட் வேட்டைக்கான மசோதாக்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய கை பல்கலைக்கழகத்துக்குள் நீள்வதற்கு முன் நாமே ஒன்றைச் செய்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் நினைத்தது. தீர்மானத்தை அவைக்குக் கொண்டுவந்தவர் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் கார்டன் ஸ்ப்ரௌல். ஆசிரியர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் மாதத்தில் வாசகம் இன்னும் இறுகியது. கம்யூனிஸ்ட் கட்சி என்று பெயர் சொல்லியே மறுக்க வேண்டும் என்றானது.

அந்த ஜூன் 14 அன்று பெர்க்லி வளாகத்தில் கூடிய ஆசிரியர் பேரவையில், எலிகளைப் புதிர்ப்பாதைகளில் ஓடவிட்டு மனத்தின் இயக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் எழுந்து எதிர்ப்புச் சொன்னார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கான்டரோவிட்ஸ் ஓர் எச்சரிக்கையை எழுதி எடுத்துவந்து வாசித்தார். சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

அடுத்த எட்டு மாதம் குழுக்கள், கடிதங்கள், பேச்சுவார்த்தைகள் என்று கழிந்தது. அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது என்பது மட்டும் போதும்.

1950 பிப்ரவரியில் பொறுமை முடிவுக்கு வந்தது.

கெடு

பிப்ரவரி 24 அன்று ரீஜண்டுகள் கூடினார்கள். நம்மூர்ப் பல்கலைக்கழகங்களின் சிண்டிகேட்டைவிடப் பல மடங்கு அதிகாரம் உள்ள குழு அது. அன்று மொத்தம் 24 பேர். மாநில ஆளுநர் உள்ளிட்ட சிலர் பதவியின் காரணமாக இடம்பெறுவார்கள். மற்றவர்களை ஆளுநர் நியமிப்பார். நியமனம் அப்போது 16 ஆண்டுகளுக்கு. வங்கியாளர்கள், எண்ணெய் முதலாளிகள், வழக்கறிஞர்கள், பத்திரிகை அதிபர்கள் என்று கலிஃபோர்னியாவின் செல்வமும் செல்வாக்கும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

அந்த மேசையில் மிகக் கனமான குரல் ஜான் ஃபிரான்சிஸ் நெய்லனுடையது. சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கறிஞர். பத்திரிகைச் சக்கரவர்த்தி ஹெர்ஸ்டுக்கு வலக்கரமாக இருந்தவர். 1928 முதல் ரீஜண்ட். உறுதிமொழி அவருடைய யோசனை அல்ல. ஆனால் ரீஜண்டுகள் ஒன்றை முடிவெடுத்த பிறகு, சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அதை ஏற்க மாட்டோம் என்று சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை.

அன்றைய தீர்மானம் சுருக்கமானது. ஏப்ரல் 30க்குள் கையெழுத்து. இல்லையென்றால் ஜூன் 30 உடன் வேலை போய்விடும்.

12 பேர் ஆதரவு. 6 பேர் எதிர்ப்பு.

எதிர்த்தவர்களில் இருவரைக் கவனிக்க வேண்டும். ஒருவர் ஆளுநர் ஏர்ல் வாரன். குடியரசுக் கட்சிக்காரர், கம்யூனிஸ்ட்டுகளிடம் எந்த அனுதாபமும் இல்லாதவர், அந்த ஆண்டு நவம்பரில் மூன்றாவது முறையாகத் தேர்தலைச் சந்திக்க இருந்தவர். இன்னொருவர் ஸ்ப்ரௌல்.

ஆம், உறுதிமொழியைக் கொண்டுவந்த அதே ஸ்ப்ரௌல். பதினோரு மாதத்தில் அவர் எதிர்ப்பக்கம் வந்துவிட்டார். ஆசிரியராக இருந்து உயர்ந்தவர் அல்லர் அவர். கட்டடப் பொறியியல் படித்து, பல்கலைக்கழகத்தின் கணக்கு நிர்வாகத்தில் சேர்ந்து, 1930இல் தலைவரானவர். இருபது ஆண்டுகளாக ஆசிரியர்களுக்கும் ரீஜண்டுகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் சமாளித்த திறமைசாலி. ஆனால் 1949 மார்ச்சில் அவர் தானே கட்டவிழ்த்துவிட்டதை 1950இல் அவரால் திரும்பக் கட்ட முடியவில்லை. ஆசிரியர்களில் பலர் அவரை முழுதாக நம்பவில்லை. நெய்லனோ அவரைச் சொன்ன சொல்லில் நிற்காதவர் என்றே நடத்தினார்.

தவறைத் திருத்திக்கொள்ள ஒரு தலைவர் முன்வரும்போது அதற்குரிய அதிகாரம் அவர் கையில் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்ப்ரௌலின் கையில் அது இல்லை.

எதற்காக இந்தப் பிடிவாதம்?

கம்யூனிஸ்ட் இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அன்றைய கலிஃபோர்னியப் பத்திரிகைகள் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் காரணம், அவர்கள் ஏற்கெனவே ஓர் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று மாநில ஊழியர்கள் அனைவரும் எடுக்கும் உறுதிமொழி அது. அதைத் தவிர வேறு எந்த உறுதிமொழியையும் பதவிக்கான தகுதியாகக் கேட்கக் கூடாது என்று கலிஃபோர்னிய அரசியல் சட்டமே சொல்லியிருந்தது. இந்த வரியை மறக்காதீர்கள். பின்னால் வரும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நிரந்தரப் பணி என்றால் என்ன? பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, சக ஆசிரியர்களால் மதிப்பிடப்பட்டு, ஒருவர் நிரந்தரப் பேராசிரியர் ஆகிறார். அதன் பிறகு அவரை நீக்க வேண்டுமென்றால் குற்றத்தைச் சொல்ல வேண்டும், விசாரிக்க வேண்டும், நிரூபிக்க வேண்டும். தகுதி இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் அவருடைய சகாக்களாக இருக்க வேண்டும். 1919–20இல் பெர்க்லி ஆசிரியர்கள் போராடி வாங்கிய பேரவை உரிமைகளை இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். முப்பது ஆண்டு வழக்கமாக நிலைத்துவிட்ட அந்த ஏற்பாட்டை ஒரே தாள் கலைத்துப் போட்டது. கையெழுத்துப் போடாதவர் விசாரணை இல்லாமல் வெளியே போகிறார். குற்றம் சுமத்துகிறவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றமற்றவர்தான் ஆண்டுதோறும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கான்டரோவிட்ஸ் இதை எல்லோரையும்விடக் கூர்மையாகப் பார்த்தார். நீதிபதி, மதகுரு, அறிஞர் என்ற மூன்று தொழில்காரர்கள் மட்டுமே அங்கி அணிகிறார்கள் என்று அவர் சுட்டிக்காட்டினார். அங்கி, அணிபவரின் மனம் முதிர்ந்தது, தீர்ப்பு சுதந்திரமானது என்பதற்கு அடையாளம். நீதிபதிகள் நீதிமன்றத்தின் ஊழியர்கள் அல்லர், அவர்களே நீதிமன்றம். அப்படியே பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்ததுதான் பல்கலைக்கழகம். ரீஜண்டுகள் அதன் சொத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்பவர்கள். இதுதான் அவருடைய வாதம்.

அவரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்க யாராலும் முடியாது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர். போர் முடிந்ததும் இடதுசாரிப் புரட்சியாளர்களுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தி நின்றவர். இதை ஸ்ப்ரௌலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. அன்று அந்தப் பக்கம் நின்று சண்டையிட்டதன் மூலம், விரும்பாமலே, ஹிட்லர் வருவதற்கான பாதையைத் தானும் செப்பனிட்டுவிட்டதாக எழுதினார். தன் வாழ்க்கையை இப்படிப் பிரித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும் துணிவு எத்தனை அறிஞர்களுக்கு வாய்க்கும்?

மார்ச்: தானாக விட்டுக்கொடுத்த இடம்

கெடு விதிக்கப்பட்டதும் வளாகங்கள் கொந்தளித்தன. கையெழுத்துப் போட்டவர்கள்கூடக் கோபப்பட்டார்கள். துறைத் தலைவர்கள் கூடினார்கள். எழுவர் குழு ஒன்று பேச்சு நடத்தப் புறப்பட்டது.

வெற்றி பெறுவதற்கான பலம் ஆசிரியர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இருந்தது என்றால் அது இந்த மூன்று வாரம்தான். அந்த நேரத்தில் அவர்கள் செய்தது என்ன?

அஞ்சல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கேள்விகள் இரண்டு. தனி உறுதிமொழிக்குப் பதிலாக வேறு ஏற்பாடு வேண்டுமா என்பது ஒன்று. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களைப் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற ரீஜண்டுகளின் கொள்கையை ஆசிரியர்களாகிய நாம் ஏற்கிறோமா என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்வியைச் சேர்த்தவர்களின் நோக்கம் புரிகிறது. கொள்கையில் நாம் உங்களோடுதான் இருக்கிறோம், உறுதிமொழி என்ற வடிவம் மட்டும்தான் உறுத்துகிறது என்று சொன்னால் ரீஜண்டுகள் இறங்கி வருவார்கள் என்று நம்பினார்கள். பொதுமக்களின் சந்தேகமும் தீரும்.

ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு அந்தக் கொள்கைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

என் பார்வையில் போர் தோற்றது இங்கேதான். ஆசிரியர்கள் வேலை இழந்த ஆகஸ்ட் மாதத்தில் அல்ல. ஒருவர் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து, அவர் வகுப்பில் என்ன செய்தார், என்ன எழுதினார் என்று பார்க்காமலே, கற்பிக்கத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யலாம் என ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் நடத்தையை வைத்துத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்பதுதான் பணிப் பாதுகாப்பின் அடித்தளம். அதை விட்ட பிறகு எந்தத் தளத்தில் நிற்பது?

நெய்லன் பக்கம் அந்த வாய்ப்பைத் தவறவிடவில்லை. கொள்கையை ஏற்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் அதை நிறைவேற்றுவதற்கான கையெழுத்தை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பான்மை ஆசிரியர்களிடம் இதற்குத் தெளிவான பதில் இல்லை.

மார்ச் 31 அன்று கெடுவை ரத்து செய்யும் தீர்மானம் ரீஜண்டுகள் முன் வந்தது. ஆதரவு 10. எதிர்ப்பு 10.

சமம் என்றால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. கெடு அப்படியே நின்றது.

இரண்டு பொருள் கொண்ட ஒப்பந்தம்

இந்த முட்டுக்கட்டையைத் திறக்க முன்னாள் மாணவர் சங்கம் வந்தது. அவர்கள் அமைத்த குழுவின் தலைவர், பெரிய கட்டுமான நிறுவனத்தை நடத்திய ஸ்டீஃபன் பெக்டல். ஏப்ரல் 21 அன்று அவர்களுடைய சமரசத்தை ரீஜண்டுகள் 21க்கு 1 என்ற கணக்கில் ஏற்றார்கள்.

எதிர்த்த ஒரே ஒருவர், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் எல்.எம். ஜியானினி. இந்தச் சமரசம் மாஸ்கோவுக்குத்தான் மகிழ்ச்சி தரும் என்று கொதித்து ரீஜண்ட் பதவியையே உதறினார்.

சமரசம் இப்படி இருந்தது. தனி உறுதிமொழி நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் ஊதியத்தைத் தெரிவித்து வரும் நியமனக் கடிதத்திலேயே, கம்யூனிஸ்ட் கட்சியில் இல்லை என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. அதில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்வது வேலைக்கான நிபந்தனை. மனசாட்சி காரணமாகக் கையெழுத்திட முடியாதவர் பேரவையின் பணி உரிமைக் குழுவிடம் விசாரணை கேட்கலாம்.

வளாகங்களில் பலர் நிம்மதி அடைந்தார்கள். கான்டரோவிட்ஸ் போன்றவர்களுக்கு அந்த நிம்மதி வரவில்லை. நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்திட்டுப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தின் பெயரில்தான் வேலையில் இருக்கிறார் என்றால், நிரந்தரம் என்ற சொல்லுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? பழைய உறுதிமொழி ஒருவருடைய அரசியலைத்தான் கேட்டது. புதிய கடிதம் அவருடைய பதவியின் தன்மையையே மாற்றியது.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. விசாரணைக் குழு ஒருவருக்குச் சாதகமாகச் சொன்னால், தலைவரும் பரிந்துரைத்தால், அவர் கையெழுத்து இல்லாமலே வேலையில் தொடரலாமா?

தொடரலாம் என்று ஆசிரியர்கள் புரிந்துகொண்டார்கள். ஸ்ப்ரௌலும் அப்படியே புரிந்துகொண்டார். முடிவு சொல்லும் உரிமை எங்களிடம்தான் இருக்கிறது, கடைசியில் எல்லோரும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று நெய்லன் பக்கம் புரிந்துகொண்டது. 21 பேர் ஒரே தாளுக்கு வாக்களித்தார்கள், அதில் ஒரே பொருளை அவர்கள் பார்க்கவில்லை. யாரும் அந்தக் கேள்வியை மேசைக்குக் கொண்டுவரவும் இல்லை. கேட்டிருந்தால் சமரசம் அன்றே உடைந்திருக்கும்.

சகாக்கள் முன்னிலையில்

விசாரணைகள் தொடங்கின.

கேட்பவர்களும் பேராசிரியர்கள். பதில் சொல்பவர்களும் பேராசிரியர்கள். பல ஆண்டுகள் ஒரே வளாகத்தில் வேலை செய்தவர்கள். குழுவில் இருந்தவர்களில் ஒருவர் கிளார்க் கெர் என்ற பொருளியலாளர். தொழிற்சங்கத் தகராறுகளில் மத்தியஸ்தம் செய்து பழகியவர். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள். பின்னால் இவரே தலைவர் நாற்காலிக்கு வருவார், இதே ரீஜண்டுகள் சபையின் கையால் வெளியேறவும் செய்வார்.

மறுத்தவர்கள் யார் என்று பார்த்தால், உறுதிமொழி யாரைப் பிடிக்க வந்தது, யாரைப் பிடித்தது என்பது விளங்கும்.

டோல்மனுக்கு 64 வயது. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன. குடும்பம் உள்ள இளையவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இழப்பைத் தாங்கக் கூடியவர்கள் நாங்கள் போராடுகிறோம் என்று அவர் சொல்லி வந்தார். கணிதத் துறையில் பாலின் ஸ்பெர்ரி, 65 வயதில், பெண்கள் அந்தத் துறையில் காலூன்றவே சிரமப்பட்ட காலத்திலிருந்து கற்பித்து வந்தவர். அதே துறையில் ஹான்ஸ் லூவி, ஹிட்லர் வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு வந்தவர்.

மொழியியல் அறிஞர் லியனார்டோ ஓல்ஷ்கியின் கதை இன்னும் வலிக்கிறது. யூதர் என்பதால் ஹைடல்பெர்கில் வேலை இழந்தார். இத்தாலிக்குப் போனார், அங்கே முசோலினியின் இனச் சட்டங்கள் துரத்தின. பிறகு வந்து சேர்ந்த இடம் பெர்க்லி. இங்கே யாரும் அவருடைய இனத்தைக் கேட்கவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள்.

இளையவர்களும் இருந்தார்கள். ஆங்கிலத் துறையின் சார்ல்ஸ் மஸ்கட்டைன், நார்மண்டிக் கரையிறக்கத்தில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், ஏறத்தாழ முப்பது வயது, பணிப் பாதுகாப்பு இன்னும் கிடைக்காதவர். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இயற்பியலாளர் டேவிட் சாக்ஸன், அவருக்கும் அதே வயது. டோல்மன் கையெழுத்துப் போடச் சொன்னது இவர்களைப் போன்றவர்களைத்தான். இவர்கள் போடவில்லை.

உளவியல் துறையில் நெவிட் சான்ஃபோர்ட் இருந்தார். சர்வாதிகாரத்துக்குப் பணிந்துபோகும் மனநிலை மனிதர்களிடம் எப்படி உருவாகிறது என்ற பெரிய ஆய்வை மற்ற மூவரோடு சேர்ந்து எழுதி முடித்திருந்தார். அந்த நூல் வெளியான 1950இலேயே, பணிய மறுத்ததற்காக அவருடைய வேலை போனது.

குழு இவர்களைக் கேட்டது, பெரும்பான்மையானவர்களுக்குச் சாதகமாகவே எழுதியது. விசுவாசத்தைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை என்றது. ஆனால் சக ஆசிரியர்களிடம்கூடத் தங்கள் அரசியலைப் பேச மாட்டோம், அதைக் கேட்க உங்களுக்கும் உரிமை இல்லை என்று நின்ற ஆறு பேருக்குச் சாதகமாக எழுத, பெர்க்லி அடங்கிய வடக்குப் பகுதிக் குழுவால் முடியவில்லை. ஆறு பேரைத் தன் கையாலேயே வெளியே தள்ளிய அந்தக் குழுவின் வலியை நான் குறைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஆறு பேரும் கேட்டது சரியான கேள்வி.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கையெழுத்திடாத, பேரவையில் இடமில்லாத 150க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டார்கள். உதவி ஆசிரியர்கள், ஆய்வு உதவியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள். அவர்களுக்கு எந்தக் குழுவும் இல்லை. பேராசிரியர்களுக்காகக் கூடிய கூட்டங்களும் திரட்டப்பட்ட நிதியும் அவர்கள் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. ஆசிரியர்களின் போராட்டத்தை மதித்து எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஜூலை 21

அதற்குள் உலகம் மாறிவிட்டது. ஜூன் 25 அன்று வட கொரியப் படை எல்லையைத் தாண்டியது. சில நாட்களில் அமெரிக்க வீரர்கள் களத்தில் இறங்கினார்கள். கம்யூனிஸ்ட்டுகளின் குண்டுகளுக்கு இளைஞர்கள் பலியாகும் நேரத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுக்கும் பேராசிரியர்கள் என்று செய்தித்தாளில் படிக்கிற ஒரு தந்தையின் மனம் எப்படி இருந்திருக்கும்? மறுத்தவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் சுருங்கியது.

ஜூலை 21 அன்று ஸ்ப்ரௌல் ரீஜண்டுகள் முன் ஒரு பட்டியலை வைத்தார். 39 பேர். குழு விசாரித்தது, குறை காணவில்லை, தலைவராகிய நானும் பரிந்துரைக்கிறேன், இவர்கள் தொடர வேண்டும்.

வாரன் வந்திருந்தார். ரீஜண்டுகள் கூட்டத்துக்கு ஆளுநர்கள் தவறாமல் வரும் வழக்கம் அதுவரை இல்லை. இந்தத் தகராறு அவரை அங்கே இழுத்துவந்தது. அவர் பக்கம் நின்றவர்களில் ஒருவர் கடற்படைத் தளபதி செஸ்டர் நிமிட்ஸ். பசிபிக் போரை நடத்தி முடித்தவர். 1949இல் காஷ்மீர் பொதுவாக்கெடுப்புக்கு ஐ.நா. நியமித்த நிர்வாகி என்ற வகையில் இந்தியச் செய்தித்தாள்களிலும் அடிபட்ட பெயர். அவருடைய தேசபக்தியை அந்த அறையில் யாரால் கேள்வி கேட்க முடியும்?

வாக்கெடுப்பு நடந்தது.

ஆதரவு 10. எதிர்ப்பு 9.

39 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். பதினாறு மாதத்தில் ஆசிரியர்களின் வழிமுறை, ஆசிரியர்களின் குழு, ஆசிரியர்களின் தீர்ப்பு முதல்முறையாக வென்றது.

அப்போது நெய்லன் தன் வாக்கை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார்.

எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்கு! மனம் மாறிவிட்டதா? இல்லை. மறுபரிசீலனை கோரும் தீர்மானத்தை வென்ற பக்கத்தில் வாக்களித்தவர்தான் கொண்டுவர முடியும் என்பது அவை நடைமுறை. தோற்ற பக்கத்தில் இருந்தால் கதவு மூடிவிடும். வென்ற பக்கத்துக்கு ஒரு நிமிடம் மாறினால், அடுத்த கூட்டத்தில் அதே கதவை அவர் திறக்கலாம்.

நீண்ட கால வழக்கறிஞர் அனுபவம் அந்த ஒரு நிமிடத்தில் வேலை செய்தது. 39 பேரின் வாழ்க்கை மறுபடியும் அந்தரத்தில் தொங்கியது.

ஆகஸ்ட் 25

அடுத்த கூட்டம் ஐந்து வாரம் கழித்து. இடையில் சிலர் கையெழுத்திட்டார்கள். சிலர் விலகினார்கள். போட்டவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, நோயாளிப் பெற்றோர் என்று ஒவ்வொருவருக்கும் தாங்க வேண்டிய வீடு இருந்தது. பட்டியலில் 31 பேர் மிஞ்சினார்கள்.

ஆகஸ்ட் 25 அன்று நெய்லன் பக்கம் முழு பலத்தோடு வந்திருந்தது. துணை ஆளுநர் குட்வின் நைட், எண்ணெய்த் தொழிலதிபர் எட்வின் பாலி, ரீஜண்டுகளில் மூத்தவரான லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகையாளர் எட்வர்ட் டிக்ஸன். முடிந்த விஷயத்தை மறுபடி எடுக்க முடியுமா என்று வாரன் பக்கம் நடைமுறை வாதம் செய்தது. எடுபடவில்லை.

விவாதத்தில் ஒரு கட்டம் வந்தது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம் என்று அதைச் சொல்வேன்.

இந்த 31 பேரில் யாராவது கம்யூனிஸ்ட் என்று குற்றச்சாட்டு இருக்கிறதா?

இல்லை என்று பதில் வந்தது. வாரன் பக்கத்திலிருந்து அல்ல, நீக்க வேண்டும் என்று சொன்னவர்களிடமிருந்தே. யார் மீதும் அப்படிக் குற்றம் சாட்டவில்லை, இது கட்டுப்பாடு பற்றிய பிரச்சினை, ரீஜண்டுகள் விதித்த விதிக்கு ஊழியர்கள் கீழ்ப்படிகிறார்களா இல்லையா என்பதே கேள்வி என்றார்கள்.

பதினேழு மாதம் சிவப்பு அபாயம் என்று சொல்லிச் சொல்லி நடந்த சண்டையின் உண்மையான பெயர் அந்த நிமிடத்தில் வெளியே வந்தது. கம்யூனிஸ்ட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள், ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை, பணியாதவர்களைக் கண்டுபிடித்தார்கள். குழு குற்றமற்றவர்கள் என்றது, தலைவர் வேண்டும் என்றார், ஆளுநர் வேண்டும் என்றார். எதுவும் கணக்கில் இல்லை. எஜமான் யார் என்பதுதான் கணக்கு.

வாக்கெடுப்பு. நீக்க வேண்டும் என்பவர்கள் 12. கூடாது என்பவர்கள் 10.

டோல்மன், கான்டரோவிட்ஸ், லூவி, ஸ்பெர்ரி, ஓல்ஷ்கி, மஸ்கட்டைன், சாக்ஸன் உள்ளிட்ட 31 பேர் வேலை இழந்தார்கள்.

சாக்ரமென்டோவில்

சில நாட்களுக்குள் நீக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் சாக்ரமென்டோவில் இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கறிஞர் ஸ்டான்லி வைகல். மனுதாரர்களின் முதல் பெயர் டோல்மன். எதிர்த்தரப்பில் ரீஜண்டுகளின் செயலரும் பொருளாளருமான ராபர்ட் அண்டர்ஹில்லின் பெயர். டோல்மன் எதிர் அண்டர்ஹில் என்று சட்ட நூல்களில் நிலைத்துவிட்ட வழக்கு அது.

நினைவில் வைக்கச் சொன்ன அந்த வரி இங்கே வருகிறது. அரசியல் சட்டம் விதித்த உறுதிமொழியைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்றால், ரீஜண்டுகள் கேட்டது சட்டவிரோதம். கூடவே இன்னொரு வாதமும் இருந்தது: நிரந்தரப் பேராசிரியரைக் காரணமும் விசாரணை முடிவும் இல்லாமல் நீக்க ரீஜண்டுகளுக்கு அதிகாரமே கிடையாது.

முதல் வாதம் வென்றால் மனுதாரர்களுக்கு வேலை திரும்பும். இரண்டாவது வாதம் வென்றால்தான் அவர்கள் எதற்காக நின்றார்களோ அது கிடைக்கும்.

வழக்கு காத்திருந்தபோதே இன்னொரு இடி விழுந்தது. கொரியப் போரை ஒட்டி மாநிலப் பாதுகாப்புக்காகச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. அதில் லெவரிங் என்ற உறுப்பினரின் பெயரால் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆசிரியர் மட்டுமல்ல, மாநிலத்தின் பொது ஊழியர் ஒவ்வொருவரும் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் அதற்கு ஒப்புதல் கையெழுத்திட்டவர், 31 பேருக்காக ஆகஸ்ட்டில் வாக்களித்த அதே ஆளுநர் ஏர்ல் வாரன்.

இப்போது இரண்டு உறுதிமொழிகள். ஒன்று ரீஜண்டுகளுடையது, இன்னொன்று மாநிலத்துடையது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கி டோல்மன் தரப்பைக் காப்பாற்றுமா, அல்லது இரண்டுமாகச் சேர்ந்து அவர்களை நசுக்குமா? ஒரு பேராசிரியரை வெளியேற்றும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை நீதிபதிகள் கையில் எடுப்பார்களா, தொடாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்களா?

(தொடரும்)